கூண்டு சரியில்லை

"'இது பச்சோந்தி வீடா, மீன் தொட்டியா?'ன்னு மொத நாளே கேட்டான். என்னைக் கேக்க இவன் யாருடா?"

ரஸ்ஸல் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் தட்டென்று வைத்தார். பக்கத்து வீட்டு ஓடிஸ் ஐஸ் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தார்.

பச்சோந்தி வளர்ப்பவர்களின் இணையக் குழு அது. புதிதாக வளர்க்க வருபவர்கள் கூண்டைப் படம் பிடித்துப் போட வேண்டும், அனுபவசாலிகள் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். 'பச்சைவால்' என்ற பெயரில் யாரோ ஒருவர் நான்கு நாளாக ரஸ்ஸலை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடித் தொட்டி கூடாதுன்னான். வலைக் கூண்டு வாங்கினேன், நாலடி உயரம். கிண்ணத்துல வச்சா தண்ணி குடிக்காதாம், இலையில சொட்டுச் சொட்டா விழணுமாம். அதையும் செஞ்சேன். பிளாஸ்டிக் செடியைத் தூக்கிப் போட்டுட்டு நிஜச் செடி வச்சேன். வெயில் மாதிரி விளக்கு வேணும்னான், மாட்டினேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெடலை."

"அதான் தெரியுமே," என்றார் ஓடிஸ்.

ரஸ்ஸலின் கோபத்துக்குள் ஒரு பயமும் இருந்தது. மகள் டெலானி அம்மாவோடு ஜாக்சன்வில்லுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஒருமுறைகூட இங்கே வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் பச்சோந்திப் பைத்தியம். "இந்த சனிக்கிழமையாவது வாயேன்" என்று கெஞ்சியதற்கு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். பச்சோந்தி விஷயத்தை அவளிடம் அவர் மூச்சுவிடவில்லை. வெள்ளிக்கிழமை பச்சோந்தி வந்துவிடும், அதற்குள் கூண்டு தயாராக வேண்டும். இந்த முறையும் அவள் வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

கைப்பேசி அதிர்ந்தது.

"இப்ப என்னவாம் துரைக்கு?"

ஓடிஸ் படித்தார். "'அதிர்வு பச்சோந்திக்கு ஆகாது. உங்கள் வீட்டில் கதவை அறைந்து சாத்துகிற ஆள் யாராவது உண்டா?'"

ரஸ்ஸல் எழுந்தேவிட்டார். "என் வீட்டுக் கதவு. நான் அறைவேன், உடைப்பேன், இவனுக்கென்ன? ஏதோ ரிட்டயர்டு வாத்தியாராத்தான் இருப்பான். வீட்டுல யாரும் மதிக்கிறதில்ல, இங்க வந்து அதிகாரம் பண்றான்."

"கத்தாதே. மூணாவது வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சிருச்சு."

"நான் எங்கடா கத்துறேன்?"

ஓடிஸ் கைப்பேசியை அவரிடம் நீட்டினார். "உண்மையை எழுது. அது உயிரோட இருக்கணுமா, வேண்டாமா?"

ரஸ்ஸல் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார். 'முன்பு நான்தான் அறைவேன். இப்போது இல்லை. அறைந்தாலும் கேட்க இங்கே ஆள் இல்லை.'

பத்து நிமிடம் பதிலே இல்லை. "வாயடைச்சுப் போயிட்டான் பாரு," என்று ரஸ்ஸல் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது.

'கூண்டைச் சமையலறைக் கதவு நிலையை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஆள் நடமாடும் இடம். ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். அந்த நிலைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தீர்களா? அந்த வாசனையும் ஆகாது.'

"பெயின்டா? இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சுப் பத்து வருஷமாச்சு. அதுக்கும் இவன்கிட்ட சத்தியம் பண்ணணுமா?" முணுமுணுத்தபடியே 'அடிக்கவில்லை' என்று எழுதினார்.

'நம்ப முடியவில்லை. கூண்டை நகர்த்திவிட்டு, நிலையைப் படமெடுத்து அனுப்புங்கள்.'

"பாத்தியா? என்னைப் பொய்யன்கிறான்." திட்டிக்கொண்டே கூண்டை நகர்த்தினார். செடி சாய்ந்து, சொட்டுநீர் டப்பா அவர் காலிலேயே கவிழ்ந்தது. ஈரக்காலோடு நின்று, ஜன்னலோரக் கூண்டை ஒன்றும், நிலையைக் கீழிருந்து மேல்வரை ஒன்றுமாகப் படமெடுத்து அனுப்பினார். "இதுக்கும் ஏதாவது நொட்டை சொல்லட்டும், இந்தக் குழுவே வேணாம்னு போயிடுறேன்."

கைப்பேசி அதிர்ந்தது. ஓடிஸ் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அதை ரஸ்ஸலின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

'கூண்டு இப்போது சரியாக இருக்கிறது. முதல் படத்துலயே நம்ம சமையலறைன்னு கண்டுபிடிச்சுட்டேன். வருஷா வருஷம் நிலையில என்னை நிக்க வச்சு நீ போட்ட உயரக் கோட்டுல ஒண்ணுகூட அழியலை; சனிக்கிழமை வர்றேன், பென்சிலைச் சீவி வை அப்பா.'