ஒரே ஒரு 'வேண்டாம்'

"அறுபத்துமூணு ஓட்டுல அறுபத்திரண்டு 'வேணும்'. ஒண்ணே ஒண்ணு 'வேண்டாம்'. உண்மையைச் சொல்லு பெவ், அந்த ஒண்ணு நீதானே?"

காபி ஊற்றிக்கொண்டிருந்த பெவ்வுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாயிருக்கே ஜட்ஜய்யா! உங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டு இந்த ஊர்ல நான் யாருக்குக் காபி விக்கிறது?"

மெர்ல் ஹாஸ்கின்ஸ் சிரிக்கவில்லை. இருபத்து நாலு வருஷமாக அவர் வயோமிங் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இவர் தொடரலாமா வேண்டாமா என்று ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். இந்தத் தடவையும் மாநிலம் முழுக்க அமோகமாக ஜெயித்திருந்தார். ஆனால் சொந்த ஊர்ப் பெட்டியில் விழுந்த அந்த ஒரு ஓட்டு, பூட்ஸுக்குள் மாட்டிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

"எங்க கோர்ட்டுல மாறுபட்ட தீர்ப்புச் சொல்றவங்க காரணத்தை எழுதிக் கீழ கையெழுத்தும் போடணும். இந்த ஆள் மட்டும் ஒளிஞ்சுக்கிட்டா எப்படி? திங்கட்கிழமை புதுப் பதவிக்காலம் ஆரம்பம். யாருன்னு தெரியாம நான் அந்த நாற்காலியில உட்கார மாட்டேன்!"

மூலை மேஜையில் மச்சினன் கிளின்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மெர்லுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கிளின்ட்டின் வாய்க்கால் தண்ணீர் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தபோது, சொந்தக்காரன் வழக்கென்று அவர் ஒதுங்கிக்கொண்டார். மற்ற நீதிபதிகள் கிளின்ட்டைத் தோற்கடித்துவிட்டார்கள்.

"நீதானேடா?"

"மச்சான், நேத்தும் இதையேதான் கேட்டீங்க. நேத்தும் இல்லைன்னுதான் சொன்னேன்."

"பொய் சொல்லாதே. நேத்து நான் இந்தப் பக்கமே வரலை."

கிளின்ட் பெவ்வைப் பார்த்தான். பெவ் காபிக் குடுவையைப் பார்த்தாள். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று மெர்லுக்குத் தோன்றியது. ஆனால் விழுந்தது ஒரு ஓட்டுதானே? அதற்கு ரெண்டு பேர் எதற்குத் திருதிருவென்று முழிக்க வேண்டும்? ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜோலீனிடம் கொட்டித் தீர்த்தார்.

"பாதிரியாரா? தபால்காரனா? ஒருவேளை... நீயா?"

"நான் இல்லைங்க."

"அப்ப யாருன்னு உனக்குத் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது."

ஜோலீன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். எத்தனையோ தடவை பிரித்து மடித்த கவர்; ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"அந்த ஆள் ஒளிஞ்சுக்கலை. காரணத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுத்தான் குடுத்திருக்கார்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அகப்பட்டான் என்ற சந்தோஷத்தோடு மெர்ல் அவசரமாகப் பிரித்துப் படித்தார்.

'தேர்தல் நாள். என் ஓட்டு: வேண்டாம். காரணம்: காலையில் படித்த வழக்கு மதியம் நினைவில் நிற்கவில்லை. ஓட்டுச்சீட்டில் என் பெயர் அச்சான பிறகுதான் டாக்டர் சொன்னார், இனி இது சரியாகாது என்று. இப்படி ஓட்டுப் போட்டதையும் மறந்துவிடுவேன். நான் கேட்கும்போதெல்லாம் இதைக் காட்டு. மறுபடி அந்த நாற்காலியில் என்னை உட்கார விடாதே, ஜோலீன்.'

கீழே கையெழுத்து: மெர்ல் ஹாஸ்கின்ஸ்.