ஒப்பிடுவதற்கான தோல்

பட்டினி போட்டால் செல் தன் குப்பையைத் தானே தின்னும். தின்னும் இடத்தில் பச்சைப் புள்ளி ஒளிரும். தின்று முடித்ததும் அணைந்துவிடும். நடுக்குவாத நோயாளிகளின் செல்களில் மட்டும் அது அணையாது. அவர்களுடைய கையெழுத்தும் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போவதைச் சம்மதப் படிவங்களில் ஆய்வாளர் ஹெப்சிபா பார்த்திருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத செல் வேண்டுமென்று, ஒன்பது வருடத்துக்கு முன் தன் கையிலிருந்தே மிளகளவு தோலைக் கொடுத்தாள். அந்த ஆய்வகத்தில் ஆரோக்கியம் என்றால் அவள் தோல்தான்; நோயாளிகளின் பெட்டிகளுக்குத் தனி அடுக்கு. அவள் தோல் தீர்ந்துபோகவே, போன மாதம் மறுபடியும் கொடுத்தாள்.

இன்று அந்தப் புதுத் தோலின் செல்களை வளர்த்த தட்டில் பச்சை அணையவில்லை.

“நோயாளி தட்ட மாத்தி வெச்சுட்டேன் போல மேடம்,” என்றாள் தட்டுகளைக் கவனிக்கும் பரிமளம். புதிதாக வைத்தாள். மூன்றாம் முறையும் பச்சைதான்.

முதல்முறை கொடுத்த தோலை வைத்திருந்த பழைய பெட்டியை ஹெப்சிபா எடுத்துவரச் சொன்னாள். காலியான அதன் மூடியில் அவள் பெயர் கொழுத்த எழுத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இருந்தது. பக்கத்தில், போன மாதம் தானே பெயரெழுதிய புதுப் பெட்டியை வைத்தாள். பரிமளம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

“இதுவும் உங்க பேர்தானா மேடம்? எறும்பு மாதிரி இருக்கு, படிக்கவே முடியல.”

ஹெப்சிபா இரண்டு மூடிகளையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினாள்.

“நீயே எழுதிடு.”

“சரி மேடம். எந்த அடுக்குல வைக்கட்டும்?”