இடப்பக்கத்து அலங்காரம்

"ஏட்டி ஜரினா, வந்து பாரு! நம்ம ராணி இப்ப அசல் கௌபாய் குதிரை!"

குதிரையின் இடது விலாவில் தொங்கிய தோல்விரிப்பை மஸ்தான் துடைத்துக்கொண்டிருந்தான். கீழே நீளக் குஞ்சம், மேலே வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

"அதென்ன ஒரு பக்கம் மட்டும்? தோலு பத்தலையா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? போன பொங்கலுக்குக் கயத்தாறு அலங்காரப் போட்டியில சங்கரபாண்டி அண்ணாச்சி குதிரை இப்பிடித்தான் வந்துச்சு. முதல் பரிசு! அமெரிக்காவுல இதுதான் பேஷனாம். சினிமாவுல பாத்தவன் சொன்னான்."

பரிசு வாங்கும் குதிரையைத்தான் வருடம் முழுக்க மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குக் கூப்பிடுவார்கள். டவுன் பஸ் வந்தபின் மஸ்தானின் ஜட்காவில் ஏற ஆளில்லை. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் ராணியை விற்க வேண்டியதுதான்.

"ரொம்பக் கனமா இருக்குங்க. கழட்டிட்டுத் தண்ணி காட்டுங்க."

"கழட்டவா? பழகட்டும்னு ஒரு வாரமா போட்டே வச்சிருக்கேன். அங்க பாரு, புதுச்சேலை கட்டுன பொண்ணு மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்குது!"

ராணி மறுபடியும் கழுத்தை வளைத்து இடது விலாவைப் பார்த்தது.

பொங்கலன்று கயத்தாறு போட்டி மைதானத்தில் மஸ்தானின் முகம் தொங்கிவிட்டது. வந்த குதிரைகள் எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் மட்டும் தோல், குஞ்சம், குமிழ். அமெரிக்காவே இறங்கி வந்ததுபோல் இருந்தது. சங்கரபாண்டியின் குதிரை மட்டும் குளிப்பாட்டிய உடம்போடு சும்மா நின்றது. "இதுவல்லவோ புதுமை!" என்று நடுவர் அதற்கே முதல் பரிசைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, போன வருசத்து கௌபாய் தோலு எங்க?" என்றான் மஸ்தான்.

"கௌபாயா? அது யாரு பாய்?" சங்கரபாண்டி சிரித்தார். "வண்டிக் கம்பு உரசி அந்தப் பக்கம் புண்ணு. ஈ மொய்க்கக் கூடாதுன்னு கிழிஞ்ச தோலைத் தொங்கவிட்டேன். இப்பத்தான் ஆறிட்டுல்லா!"

கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை பிடிக்கும் கிட்டு வேகமாக வந்தார். "பாய், இனிமே வெறும் உடம்புதான் பேஷன். அண்ணாச்சி குதிரை ஒண்ணு பத்தாது. நீரும் தோலை எடுத்துக் காட்டும். மேனி சுத்தமா இருந்தா வர்ற முகூர்த்தம் பூரா உமக்குத்தான்."

மஸ்தானுக்கு உயிர் வந்தது. "இந்தா கிட்டு அண்ணாச்சி!" என்று வாரை அவிழ்த்துத் தோலின் ஓரத்தைத் தூக்கினான். ராணி வெடுக்கென்று திரும்பிப் பார்த்தது.

விலாவில் குமிழ் குத்திய இடமெல்லாம் சதை பிய்ந்து, ஈ மொய்த்தது.

சட்டென்று தோலை இறக்கிவிட்டு, கலங்கிய கண்ணைக் காட்டாமல் சொன்னான்: "இருக்கட்டும் அண்ணாச்சி. எங்க ராணிக்கு கௌபாய்தான் அழகு."