அசையாத மூலை

கம்ப்யூட்டருக்குள் ஒரு கார் கதவு. அதன் மேல்தகட்டைக் கீழ்த்தகட்டோடு பிடித்துவைத்திருந்தது ஒரு வெல்டிங் பொட்டு. மேல்தகட்டின் மூலையை மட்டும், 'நீ அசையவே கூடாது' என்று நிபந்தனை போட்டு நிறுத்தியிருந்தார் இன்ஜினியர் வனமாலி.

அழுத்தம் ஏறும் இடத்தைத் திரை சிவப்பாகக் காட்டும்; அவர் தகட்டை இழுத்துச் சோதிக்கும்போதெல்லாம் பொட்டு வலியில் சிவந்துபோகும்.

"இதுக்கே இப்படியா? என்னைப் பார், இம்மியாவது அசைஞ்சேனா?" என்று கேட்கும் மூலை. தனக்குத்தான் தெம்பு போதவில்லை என்று பொட்டு வெட்கப்படும்.

நிஜக் கதவில் அந்த மூலையை யாரும் பிடித்திருக்க மாட்டார்களே என்று ஒருநாள் வனமாலிக்குத் தோன்றியது. நிபந்தனையை எடுத்துவிட்டு இழுத்தார்.

"ஐயோ, போறேனே! என்னை விட்டுடாதே!" என்று அலறியது மூலை.

பொட்டு முன்னைவிடச் சிவந்தது. ஆனால் விடவில்லை.

இழுப்பு நின்றது. பழைய இடத்துக்கு வந்து சேர்ந்த மூலை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஆனாலும் நீ இவ்வளவு சிவந்திருக்க வேண்டாம்."