டீச்சர் சொன்ன காரணம்

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் குரல் பெட்டிகளிலும் செத்துப்போனவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். செத்து ஐந்து வருஷமான எதிர்வீட்டு மாமனார்கூட, காலையில் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்கிறார். அன்னபுஷ்பம் டீச்சர் வீடு மட்டும்தான் பாக்கி. அந்தப் பெட்டிகளை விற்கும் கம்பெனியின் விற்பனையாளர் நிகில் ஒரு மாதிரிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினார்.

போன வருஷம் இறந்த டீச்சரின் கணவர் தேவஇரக்கத்தின் குரல் கேட்டது. "புஷ்பம், மீன் குழம்பு ரொம்ப நல்லா இருக்கு."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பெட்டியை அணைத்தார். "முப்பத்தாறு வருஷத்துல அவுக ஒருநாள்கூட இப்படிச் சொன்னதில்ல தம்பி. உப்பு கம்மின்னுதான் சொல்லுவாக."

"உப்பையும் சேத்துடலாம்மா."

"வேண்டாம். கடைசி நாள்ல எக்காளம் ஊதினதும் அவுக கல்லறையிலருந்து எந்திரிச்சு நேரா இங்கதான் வருவாக. 'என் குரல்ல பேசுறது யாரு?'ன்னு அவுக கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

நிகிலுக்குச் சிரிப்பு வந்தது. "செத்தவங்க எந்திரிப்பாங்கன்னு இந்தக் காலத்துலயும் நம்புறீங்களா?"

"செத்தவுகளப் பெட்டியில வச்சு வீடு வீடா விக்கிற நீ என்கிட்ட கேக்கியா?"

நிகில் கைக்கருவியில் படிவத்தைத் திறந்தார். வாங்காததற்குக் காரணம் குறிக்காமல் அதை மூட முடியாது. 'விலை அதிகம்', 'கணவரோடு மனத்தாங்கல்' என்று அதில் இருந்த எதுவும் பொருந்தவில்லை. கடைசியில், 'கணவர் திரும்பி வருவார்' என்று தானே எழுதினார்.

படிவம் உடனே இனிமையாகப் பேசியது. "மிக்க மகிழ்ச்சி. அவர் வந்ததும் அனைவரும் சந்திப்போம்."

"ஆமென்" என்றார் டீச்சர்.