வெச்ச கை

"பாத்துத் தோண்டு நஞ்சப்பா, ஒடைஞ்சிறப் போவுது!" என்று கத்தினார் நிலக்காரர் ரத்தினசாமிப் பண்ணாடி.

நஞ்சப்பன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினான். அவன் கட்டுத்தரையில் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. குறி சொல்லும் கோடாங்கி கைகாட்டிய இடத்தில், கரிக்கோடு போட்டு முடி சுற்றிய கோழிமுட்டை ஒன்று கிடந்தது.

"ஆரும் தொடாதீங்க! செய்வினை. வெச்ச கைதான் எடுக்கோணும்!" என்றார் கோடாங்கி.

எல்லார் கண்ணும் மருதாத்தாள்மேல் திரும்பியது. புருசன் செத்த பிறகு பண்ணாடி தோட்டத்து ஓரக் குடிசையில் தனியாக இருப்பவள்.

"நாஞ் சொன்னனல்ல? இந்தச் சூனியக்காரியை இப்பவே பொள்ளாச்சி பஸ்ஸுல ஏத்தியுடுங்க," என்றார் பண்ணாடி.

எதற்கு என்று மருதாத்தாளுக்குத் தெரியும். குடியிருப்பவருக்கே குடிசை என்ற புதுச் சட்டப்படி, வருகிற வாரம் சித்தூர் தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆள் வந்து அளந்தால் குடிசையும் பண்ணாடி நிலத்தில் பத்து சென்ட்டும் அவளுக்கு. இன்றைக்கு பஸ் ஏறினால் எல்லாம் போச்சு.

பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் அவள் முடியைப் பிடித்து உலுக்கினாள். "வெக்கலீன்னு சொல்லுடி, பாக்கலாம்!"

காலையிலிருந்து மருதாத்தாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் கேட்டார்கள்? அவள் முட்டையையே பார்த்தாள். பிறகு காளியாத்தாள் கையிலிருந்து முடியை உருவிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

"ஆமா. நாந்தான் வெச்சேன்."

கூட்டம் பின்வாங்கியது.

"இது ஒண்ணுதான்னு நெனைச்சீங்களா? ஊட்டுக்கு ஊடு வெச்சிருக்கறேன். எங்கெங்கன்னு எனக்குத்தான் தெரியும். வெச்ச கைதான் எடுக்கோணும்னு கோடாங்கியே சொல்லிட்டாரு. என்னைய பஸ் ஏத்தியுட்டுட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

காளியாத்தாளுக்கு வேர்த்துவிட்டது. "ஆத்தா... எங்கூட்டுலயுமா?"

"உங்கூட்டுலதான் பெருசு."

நஞ்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, நீ எங்கீம் போவேண்டாம். உங்குடிசையிலயே இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துரு."

"பத்து சென்ட்டு?"

"உனக்குத்தான்! ஆரு கேக்கறாங்கன்னு பாத்தர்லாம்!" என்று கூட்டமே கத்தியது.

பண்ணாடிக்கு முகம் சிவந்தது. கோடாங்கி அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். பண்ணாடி உதறிவிட்டு முன்னால் பாய்ந்தார்.

"பொய் சொல்றாடா! அந்த முட்டைய இவ வெக்கவே இல்லடா!"

எல்லார் கண்ணும் பண்ணாடிமேல் திரும்பியது. மருதாத்தாள் மெதுவாகக் கேட்டாள்:

"பின்ன ஆருங்க பண்ணாடி வெச்சது?"