முக்கால் அங்குலப் பிழை

இழுத்தால் நிற்கும், விட்டால் ஓடும். அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

சைக்கிள்தான். பிரேக் பிடியை இழுத்தால் நிற்கும், விட்டால் ஓடும். ஆனால் கொட்டாஞ்சேனை றேமண்டின் சைக்கிளில் இருந்த இரண்டு பிடிகளில் ஒன்று பாதியில் முறிந்துபோயிருந்தது.

அது சும்மா சைக்கிள் இல்லை. முப்பது வருடங்களுக்கு முன், கப்பல் கம்பனியில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஜப்பான் மவுண்டன் பைக். சீட் முதல் பெடல் வரை எல்லாம் ஒரிஜினல். இப்போது அதை ஓட்டுவது பதினொரு வயது மகள் ஷெனெல். போன மாதம் இறக்கமான ஒழுங்கையில் இறங்கும்போது நாய் குறுக்கே வந்ததால் தான் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். முழங்காலில் மூன்று தையல். பிடியும் அப்போதுதான் முறிந்தது.

கொழும்பு முழுக்கத் தேடியும் அந்தப் பிடி கிடைக்கவில்லை. பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர், "இந்த மொடல் இனி வராது, செய்விச்சுத்தான் எடுக்கோணும்" என்று ஒரு லேத் பட்டறையைக் கைகாட்டிவிட்டார்.

பட்டறையில் முக்காட்டோடு ஓர் இளம்பெண் அரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸ் இல்லையா, தங்கச்சி?"

"பாஸோடதான் கதைக்கிறீங்க."

அவள் பெயர் நிஹ்லா. றேமண்டுக்கு மனம் அரைமனம்தான். என்றாலும், ஷெனெல் பக்கத்தில் நிற்க, கழற்றிக் கொண்டுவந்த முறியாத பிடியைச் சாம்பிளாகக் கொடுத்தார்.

"இதே மாதிரி வேணும். அச்சொட்டா."

ஒரு கிழமை கழித்து, மறுபடியும் மகளோடு, சைக்கிளைத் தள்ளியபடி வந்தார். நிஹ்லா புதுப் பிடியை மேசையில் வைத்தாள். றேமண்ட் சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதியது கட்டையாக இருந்தது. போதாததற்கு, முக்கால் அங்குலம் உள்ளே வளைந்தும் கிடந்தது.

"என்ன தங்கச்சி இது? நான் வாழைப்பழத்தையா சாம்பிளாத் தந்தனான்?"

"நான் அளந்துதான் செஞ்ச, அண்ணன்."

"அளந்த லட்சணம் தெரியுது."

ஷெனெல் தலையைக் குனிந்துகொண்டாள்.

றேமண்ட் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். "நல்ல காலம், என்ட கூட்டாளி றொஹான் மெல்பர்ன்ல தேடிப்பிடிச்சு அனுப்பியிருக்கிறான். ஒரிஜினல். ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடல்ல பழைய சைக்கிள் காட்சி. ஒரு நட்டு மாறினாலும் பேரை வெட்டிப்போடுவாங்கள். சாம்பிளைத் தாங்க, நாங்க போறம்."

"போட்டுப் பாத்துட்டுப் போங்களே."

"எதுக்கு? இது என்ட மகளின்ட சைக்கிள், தங்கச்சி. அவளுக்கு அரைகுறையா ஒண்டைப் பூட்டிக் குடுப்பனா?"

"மகள்ட சைக்கிள் எண்டுதான் நானும் மகள்ட கைய அளந்த" என்றாள் நிஹ்லா.

றேமண்டுக்கு விளங்கவில்லை.

நிஹ்லா மெல்பர்ன் பிடியை ஒரு பக்கமும், தான் செய்ததை மறுபக்கமும் பூட்டினாள். "ஏறி இரிங்க மகள். ரெண்டையும் புடிங்க."

ஷெனெல் பிடித்தாள். கட்டைப் பிடியை நான்கு விரல்களும் சுற்றிக்கொண்டன. ஒரிஜினல் பிடியில் நடுவிரலின் நுனி மட்டும் தொட்டது. மற்ற விரல்கள் காற்றில் நின்றன.

"பிடிய கிட்ட எடுக்க உள்ளுக்க ஒரு திருகாணி இரிக்கி. அத முழுசா இறுக்கினாலும் எட்டாது. அண்டைக்கு நீங்க ஃபோன் கதைக்க வெளிய போன நேரம், நான் சாம்பிள மகள்ட கைல குடுத்துப் பாத்த."

றேமண்ட் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நாளா எட்டல்ல?"

"முதல் நாள்ல இருந்தே, டடா."

"அப்ப எப்பிடி நிப்பாட்டினாய்?"

"காலைத் தேய்ச்சு."

"அண்டைக்கு அந்த நாய்?"

"நாய் வரல்ல."

"ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?"

ஷெனெல் ஹேண்டிலைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க எல்லாருக்கும் காட்டிக் காட்டி இது மகளின்ட சைக்கிள் எண்டு சொல்லுவீங்க. அப்ப உங்கட முகம் சந்தோஷமா இருக்கும்."

வெளியே ஒரு லொறி பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.

நிஹ்லா லாச்சியைத் திறந்து இன்னொரு கட்டைப் பிடியை எடுத்து மேசையில் வைத்தாள். "மத்தப் பக்கத்துக்கும் ஒண்டு செஞ்ச. நீங்க கேக்கல்ல. வேணாட்டி இரிக்கட்டும்."

றேமண்ட் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் சின்ன விரலுக்கு உறுத்தாதபடி வழவழவென்று அரத்தால் தேய்த்திருந்தது.

"ஒண்டு செய்வம், மகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரிஜினலோட போவம். காட்சி முடிஞ்ச அடுத்த நாளே ரெண்டையும் மாத்திப்போடுவம். நீதான் சொல்லோணும். நீ சொல்றதுதான் முடிவு."

ஷெனெல் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு, இரண்டாவது கட்டைப் பிடியையும் இப்போதே பூட்டச் சொன்னாள்.